ஐந்தாம் நாள் பாடு

அன்று சாயங்காலம் ஏலக்கூடத்து மின்பலகையில் நூற்று முப்பத்தாறு படகுகளுக்கு நேரே சைபர். ஒரே ஒரு படகுக்கு மட்டும் எண்ணூற்று நாற்பது கிலோ கணவாய் மீன். அந்த ஒரு படகு என்னுடையது.

கூடத்தில் நின்றவர்கள் என் முதுகில் தட்டினார்கள். "நீரு கல்லுலயும் நார் உரிச்சிருவீரு வே, இன்னாசி!" என்று சங்கச் செயலாளர் லீனுஸ் சிரித்தான். நானும் பல்லைக் காட்டி வைத்தேன். எல்லாரும் கிலோவைப் பார்த்தார்கள். நான் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன். கஸ்பாரின் நிழல் மூழ்கி அன்றைக்கு ஐந்தாம் நாள்.

நிழல் என்றால் என்ன என்று சம்மனசுபுரத்தில் பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூடத் தெரியும். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்.

கடலில் மீன் அற்றுப்போன வருஷம் அரசாங்கம் ஐந்தாண்டு ஓய்வு அறிவித்தது. ஐந்து வருஷத்துக்கு எந்த விசைப்படகும் மடி இறக்கக் கூடாது. மடி என்பது நாங்கள் கடலடியில் போட்டு இழுக்கும் பை வலை. பாடு என்பது அதில் விழுகிற மீன். வலை இழுக்கும் வின்ச்சுக்குச் சீல் வைத்துவிட்டு, அதற்கு ஈடாக ஓய்வுப்படி தந்தார்கள். முதல் வருஷம் எல்லாருக்கும் ஒரே படி. கடலைக் கரைத்துக் குடித்தவனுக்கும், படகைக் கட்டிப் போட்டுவிட்டுச் சீட்டாடினவனுக்கும் ஒரே அளவு. சும்மா இருப்போமா? நல்ல தொழிலாளிகள் சீலை உடைத்துக்கொண்டு போனோம். மற்றவன் உளுத்துப்போன படகுக்குச் சாயம் அடித்து அதற்கும் படி வாங்கினான். திட்டம் சந்தி சிரித்தது.

இரண்டாம் வருஷம் அதைச் சரிசெய்ய அரசாங்கம் அனுப்பிச் சுகந்தி வந்தாள். ஈரோட்டுப் பக்கத்துப் பெண், முப்பது வயதுகூட இருக்காது. கடலை அதற்கு முன்னால் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன் என்று எங்களிடமே சொன்னாள். அந்தத் தைரியம் எனக்குப் பிடித்தது.

"உங்க எல்லாப் படகுலயும் பத்து வருஷமா ஒரு பெட்டி இருக்குங்க," என்றாள் அவள், இதே ஏலக்கூடத்தில் நின்றுகொண்டு. "எஞ்சின் எப்ப ஓடுச்சு, சுக்கான் எந்தப் பக்கம் திரும்புச்சு, மடி எப்ப இறங்குச்சு, வயர்லெஸ்ல என்ன பேசினீங்க, எல்லாத்தையும் அது எழுதி வச்சிருக்கு. அதை வச்சு ஒவ்வொரு டிரைவருக்கும் கம்ப்யூட்டருக்குள்ள ஒரு நிழல் செஞ்சிருக்கோம். நிஜக் கடல்ல மிதவை போட்டிருக்கோம். மீன் எங்க இருக்கு, காத்து எப்படின்னு அது சொல்லும். தினம் விடிஞ்சதும் உங்க நிழல் கடலுக்குப் போகும். நீங்க எங்க போயிருப்பீங்களோ அங்க போகும். நீங்க எதைப் பிடிச்சிருப்பீங்களோ அதைப் பிடிக்கும். சாயங்காலம் பலகையில வர்ற பாட்டுக்கு உண்டான படி உங்களுக்கு."

"அப்ப நாங்க?" என்று கேட்டான் கஸ்பார்.

"நீங்க வீட்ல இருங்க."

"அது சரி. நிழல் பிடிச்ச மீன எவம் திம்பான்?"

"அது கடல்லயே இருக்குங்கண்ணா. அதுக்குத்தானே இத்தனை பாடும்."

கூடமே சிரித்தது. ஆனால் அந்தப் பதில் எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. மூன்று வருஷம் ஒருத்தனும் சீலைத் தொடவில்லை. துறைமுகக் கல்லுக்கடியில் விரல் நீளக் குஞ்சுகள் திரிய ஆரம்பித்தன. பெண்டுகள் பிள்ளைகளைக் கூட்டி வந்து காட்டினார்கள். நாங்கள் ஆண்கள் சாயங்காலம் ஆனால் சட்டையை மாட்டிக்கொண்டு ஏலக்கூடத்துக்கு வந்து, நாங்கள் இன்றைக்கு என்ன பிடித்தோம் என்று பார்த்தோம். என் நிழல் கூடுதலாகப் பிடித்த நாளில் எனக்கு மீசை துடிக்கும். கஸ்பாரின் நிழல் என்னை முந்தின நாளில் சோறு இறங்காது. கையில் காய்ப்பு எல்லாம் உதிர்ந்து மெத்தென்று ஆகிவிட்டது. உயிரோடு இருக்கிற ஆம்பிளை தன்னைத்தானே வேடிக்கை பார்ப்பது நல்லதா என்று எங்களில் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

கஸ்பாரும் நானும் சிறுவயதில் ஒரே வருஷம் கோயிலில் புதுநன்மை வாங்கினவர்கள். அவனுக்கு மாப்ள நான், எனக்கு மாப்ள அவன். காற்று எழும்பினாலும் கடைசியாக ஒரு மடி போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கரைக்கு வருவான். அவன் செத்துப்போன மனைவி அதற்காகவே அவனோடு சண்டை போடுவாள். பெட்டி அதையும் கற்றுக்கொண்டிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஆளில்லாத கடலில் ஒரு சூறைக்காற்று அடித்தது. மிதவைகள் அதைச் சொல்ல, மற்ற நிழல்கள் எல்லாம் கரைக்கு ஓடி வந்தன. கஸ்பாரின் நிழல் கடைசி மடி போட்டது. பலகையில் அவன் பெயருக்கு நேரே 'மூழ்கியது' என்று வந்தது.

"நாஞ் செத்துட்டேன் வே!" என்று அவனே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். முப்பதாம் நாள் சாப்பாடு எப்ப, கறியா மீனா என்று நாங்கள் கேட்டோம். அவன் படி நின்றுவிட்டதைப் பற்றிச் சுகந்தி மேலிடத்துக்கு எழுதியிருந்தாள். ஒருத்தரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் எல்லாருக்கும் சைபர். அதற்கு மறுநாளும் சைபர். மிஷின் கெட்டுவிட்டது என்று சுகந்தியின் தலையை உருட்டினோம். வருகிற திங்கட்கிழமைக்குள் சரியாகாவிட்டால் சீலை உடைத்துக் கடலுக்குப் போவது என்று சங்கம் தீர்மானம் போட்டது. மூன்று வருஷமாக வளர்ந்த மீனை மூன்றே நாளில் வாரிவிடலாம் என்று எங்களுக்கும் தெரியும், சுகந்திக்கும் தெரியும். அவள் கண் உள்ளே போய்விட்டிருந்தது. ஐந்தாம் நாள்தான் என் பெயருக்கு நேரே அந்த எண்ணூற்று நாற்பது.

முதுகில் தட்டுகள் ஓய்வதற்குள் சுகந்தி கையில் தாளோடு வந்துவிட்டாள். முகத்தில் ஐந்து நாளுக்குப் பிறகு ஒரு தெளிச்சி.

"வழி கிடைச்சிருச்சுங்க," என்றாள். "ஒரே ஒரு நிழல் ஒழுங்கா வேலை செய்யுது. இன்னாசி அண்ணனோடது. மத்தது எல்லாம் என்ன பண்ணுதுன்னு பாருங்க."

பலகையில் பாட்டுக் கணக்கு மறைந்து கடல் வந்தது. நூற்று முப்பத்தாறு புள்ளிகள். வடக்கிலிருந்து தெற்கு வரை ஒரே வரிசை. இரண்டு புள்ளிக்கு நடுவே ஒரே இடைவெளி.

"மடியை இறக்கறதில்ல. வரிசை கலையறதில்ல. நடக்கற வேகத்துல போகுது. விடிஞ்சா போகுது, பொழுது சாஞ்சா சும்மா வருது. அஞ்சு நாளா இதேதான்."

அந்த வரிசை என்ன என்று அங்கே அவளைத் தவிர எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. கஸ்பார் பலகைக்குக் கிட்டே போய் அண்ணாந்து பார்த்தான்.

"தேடுதானுவ," என்றான்.

"எதைங்கண்ணா?"

"என்னைய."

அவள் புரியாமல் எங்களைப் பார்த்தாள். லீனுஸ்தான் சொன்னான். "கடலுக்குப் போன ஒருத்தம் வரலன்னா ஊர்ல ஒரு படகும் தொழில் பாக்காதும்மா. எல்லாம் இப்படி வரிசை கட்டித் தேடப் போவும். ஒரு ஆளு தண்ணிக்குள்ள கெடக்கையில மடி எறக்கிற வழக்கம் கெடையாது. எறக்குனா அந்த மீன ஒரு பொம்பளையும் தொடமாட்டா."

"எத்தனை நாள் தேடுவீங்க?"

"ஆளு கெடைக்கணும். இல்லன்னா அந்த வீட்டுப் பொம்பள வயர்லெஸ்ல வந்து போதும்னு சொல்லணும். அதுவரைக்கும் தேடணும்."

சுகந்தி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "மூழ்கின படகை நாங்க அழிச்சிருவோம்ங்க. உடம்புன்னு ஒண்ணு அந்தக் கடல்ல கிடையாது."

"அப்பம் ஆயுசு பூரா தேடுவானுவ," என்றான் கஸ்பார். அவன் குரல் ஒரு மாதிரி இருந்தது. உயிரோடு இருக்கும்போதே தன்னைத் தேடி ஊரே வரிசை கட்டி நிற்பதைப் பார்க்கிற கொடுப்பினை வேறு யாருக்குக் கிடைக்கும்?

சுகந்தி தன்னைத் தேற்றிக்கொண்டு எழுந்தாள். "உங்க வழக்கம் எனக்குத் தெரியாதுங்க, மன்னிச்சுக்கங்க. ஆனா இப்ப திங்கட்கிழமைக்கு மூணு நாள்தான் இருக்கு. தேடலுக்கு நடுவுலயும் மடி இறக்கறதுக்கு இன்னாசி அண்ணனோட நிழலுக்குத் தெரிஞ்சிருக்கு. அந்த ஒரு குணத்தை மட்டும் எடுத்து மத்த நிழலுக்கெல்லாம் போட்டுட்டா, நாளைக்கே பலகை நிறையும். அதுக்கு டிரைவருங்க சம்மதக் கையெழுத்து வேணும்."

என் குணத்தை ஊருக்கெல்லாம் போடப் போகிறாள். அங்கேயே செத்துப்போய்விடலாம் போல இருந்தது.

ஒருத்தன் மெதுவாகக் கேட்டான்: "அதெப்படி இன்னாசியண்ணம் நிழலு மட்டும் எறக்குது?"

"பெட்டி கெட்டுப்போயிருக்கும் வே," என்று லீனுஸ் அவசரமாகச் சொன்னான். "உப்புத் தண்ணி பட்டா எது கெடாது? கையெழுத்தப் போடுங்க. இவனுவ கம்ப்யூட்டருக்குள்ள மடி எறக்குனா எந்தச் சாமி கோவிக்கப் போவுது?"

லீனுஸ் என் கண்ணைப் பார்க்கவில்லை. எனக்கு வழி விட்டுக்கொடுக்கிறான் என்று விளங்கியது. நான் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். தாள் கைமாறியது. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் நாற்பது பேர் கையெழுத்துப் போட்டார்கள். படி வேண்டாமா? வீட்டில் உலை வைக்க வேண்டாமா? அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

கஸ்பாரிடம் தாள் வந்தது. செத்தவனுக்குக் கையெழுத்து எதற்கு என்று யாரும் சிரிக்கவில்லை. அவன் பேனாவைத் திறந்தபடி என்னைப் பார்த்தான்.

"மாப்ள, நீ சொல்லு. பெட்டி கெட்டதா?"

கூடத்து வாசலில் கித்தேரி நின்றிருந்தாள். கஸ்பாரின் தம்பி அமலனின் மனைவி. மீன் வந்த காலத்தில் அதே இடத்தில் மீன் விற்றாள், இப்போது டீ விற்கிறாள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அமலனின் படகு காணாமல் போயிற்று. ஒன்பது நாள் தேடினோம். ஒன்பதாம் நாள் இவள் துறைமுக ஆபீசுக்கு வந்து வயர்லெஸ் மைக்கைப் பிடித்து, "எங்க வீட்டு ஆளக் கடலுக்குக் குடுத்துட்டேன். போதும். எல்லாரும் தொழிலுக்குப் போங்க," என்றாள். பெட்டி வைத்த பிறகு எங்கள் ஊரில் நடந்த ஒரே தேடல் அதுதான்.

"பெட்டி கெடல," என்றேன்.

சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. அமலனைத் தேடின வரிசையில் தெற்குக் கடைசி என்னுடையது. ஐந்தாம் நாள் உச்சி வெயிலில், பதினெட்டு பாகம் ஆழத்தில், கீழே கணவாய் கருத்துக் கிடந்ததை மீன் காட்டும் கருவியில் பார்த்தேன். என் ஆயுளில் அப்படிப் பார்த்ததில்லை. வீட்டில் கஷ்டமா, கடனா, ஒன்றும் இல்லை. கை அரித்தது, அவ்வளவுதான். பக்கத்துப் படகு என்னைக் கூப்பிடக் கூடாது என்று வயர்லெஸை அணைத்துவிட்டு மடியை இறக்கினேன். வேற்றூர் வள்ளத்துக்குக் கடலிலேயே மீனைக் கொடுத்தேன். கூட வந்த இருவரில் ஒருத்தன் செத்துப்போனான், ஒருத்தன் மஸ்கட்டில் இருக்கிறான். ஒரு தடவை இறக்கின கைக்கு மறுநாள் கூசவில்லை. ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. நான்கு நாளும் இறக்கினேன்.

"பெட்டியிலயும் அப்படித்தான் இருக்கு," என்றாள் சுகந்தி மெதுவாக. அப்போதுதான் அவளுக்குத் தான் எதை ஊருக்குப் போட இருந்தோம் என்று தெரிந்தது. தாளை வாங்கி இரண்டாகக் கிழித்தாள்.

கஸ்பார் என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பேனாவை மூடி லீனுஸின் பையில் செருகிவிட்டுச் சுவர் ஓரம் போய் நின்றுகொண்டான்.

கித்தேரி உள்ளே வந்தாள். "நீங்க பாக்க வேண்டிய தண்ணிய அந்த நாலு நாளும் வேற ஆராவது பாத்தாவளா அண்ணே?"

"இல்லம்மா."

"ஒரு ஆளும் பாக்கல."

"பாக்கல."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். அழவில்லை. எதையோ கூட்டிக் கழித்துப் பார்த்து முடித்தவளாக நின்றாள்.

"இப்ப என்னம்மா செய்ய?" என்று லீனுஸ் சுகந்தியைக் கேட்டான்.

"தேடலை நிறுத்தச் சொன்ன குரல் பெட்டியில ஒண்ணே ஒண்ணுதாங்க இருக்கு," என்றாள் அவள், கித்தேரியைப் பார்க்கத் தயங்கிக்கொண்டே. "அக்கா மறுபடி மைக்ல சொன்னா கேட்கும்னு நினைக்கறேன்."

அந்த மைக் இருக்கும் அறைப் பக்கமே கித்தேரி பதினோரு வருஷமாகப் போனதில்லை.

"சொல்லுதேன்," என்றாள் கித்தேரி. "எங்க வீட்ல நான்தான பொம்பள, எங்க மச்சானுக்கும் நான்தான் சொல்லணும். ஆனா இன்னைக்கு மாட்டேன். இவரு முதல்ல அந்தத் தண்ணியத் தேடட்டும். ஒரு நாளாவது தேடட்டும். நானும் வாறேன். பொறவு சொல்லுதேன்."

"அது நிழலு பிரச்சினைம்மா, நெசப் படகு எதுக்கு?" என்றான் லீனுஸ். "இன்னும் ஒரு நாளு எல்லாருக்கும் சைபரு ஆவும்."

"ஒரு நாள்ல ஒருத்தனும் செத்துற மாட்டான்," என்றான் கஸ்பார் சுவர் ஓரத்திலிருந்து. அதோடு பேச்சு முடிந்தது.

சுகந்தி என்னைத் தனியே கூப்பிட்டாள். "எஞ்சின் துரு பிடிக்காம ஓட்டிப் பாக்க அனுமதி இருக்கில்லீங்களா, அதுல போயிட்டு வாங்க. மடி இறக்கக் கூடாது. பெட்டி இன்னும் உயிரோடதான் இருக்கு. உங்களைப் பத்தி அதுக்குத் தெரிஞ்சது ஒரு தேடல்தான். ரெண்டாவதா ஒண்ணு காட்டினீங்கன்னா, நீங்க ஓட்ட ஓட்ட நிழல் அதைக் கத்துக்கும்."

மறுநாள் விடிந்து வெளிச்சம் வந்ததும் கிளம்பினோம். நான் சுக்கானில். கித்தேரி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பக்கக் கம்பியைப் பிடித்து நின்றாள். கஸ்பார் அணியத்தில், படகின் முன்முனையில், எனக்கு முதுகைக் காட்டி நின்றான்.

மூன்று வருஷம் மனிதன் தொடாத கடல் எப்படி இருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. படகு போகப் போக இரண்டு பக்கமும் மீன் துள்ளி விலகியது. சாளைக் கூட்டம் தண்ணீரின் நிறத்தையே மாற்றிக்கொண்டு போயிற்று. பதினெட்டு பாகம் வந்ததும் கருவியில் அடியில் கணவாய் கருத்துக் கிடந்தது. கை அரித்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வயர்லெஸில் லீனுஸ் கூப்பிட்டான். "என்ன வே, எங்க நிக்கிதிய? ஏதாச்சும் தெரியுதா?"

கித்தேரிக்கு உடம்பு ஒருதரம் தூக்கிப் போட்டது. "அத அணைச்சிருங்க அண்ணே," என்றாள். "அந்தச் சத்தத்த என்னால கேக்க முடியல."

அணைத்தேன். வேகத்தைக் குறைத்து, கோடு கோடாக, கிழக்கே போய் மேற்கே திரும்பி, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். எதைத் தேடுகிறோம் என்று யாராவது கேட்டிருந்தால் எங்கள் மூவருக்கும் பதில் தெரிந்திருக்காது. கம்ப்யூட்டருக்குள் மூழ்கின கஸ்பார் இதோ அணியத்தில் நிற்கிறான். அமலன் போய்ப் பதினோரு வருஷம். ஆனாலும் மூன்று பேரும் கண்ணை எடுக்கவில்லை.

வெயில் ஏறின பிறகு கித்தேரி திடீரென்று சொன்னாள்: "அவரு பச்சைச் சட்ட போட்டிருந்தாரு."

தேடப் போகிறவர்களிடம் வீட்டுக்காரர்கள் சொல்கிற அடையாளம் அது. அன்றைக்கும் சொல்லியிருப்பாள், நான் காதில் வாங்கியிருக்க மாட்டேன். அதன் பிறகு பச்சையைத் தேடினேன்.

மதியம் தாண்டி தெற்கே ஒரு பச்சை தெரிந்தது. அலை மேலே ஏறி இறங்கியது. நான் கத்தவில்லை, ஆனால் எஞ்சின் சத்தம் மாறினதிலேயே கஸ்பார் திரும்பிவிட்டான். கித்தேரி கம்பிக்கு மேலே எம்பினாள். கிட்டே போனோம். பழைய கயிறு. ஏதோ வலையிலிருந்து அறுந்து, பாசி பிடித்துச் சுருண்டு கிடந்தது. கஸ்பார் கம்பால் அதைக் கோர்த்து எடுத்து, தண்ணீர் சொட்டச் சொட்ட மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். தம்பி, தம்பி என்று அழுதான். அத்தனை பெரிய ஆள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. எனக்கும் அழுகை வந்தது, ஆனால் அவனுக்கு முன்னால் அழ எனக்கு உரிமை இல்லை என்று அடக்கிக்கொண்டேன்.

திரும்புவோமா என்று நான் கேட்கவில்லை. எவ்வளவு நேரம் என்றாலும் ஓட்டுவது என்று இருந்தேன். வெயில் தாழ்ந்து தண்ணீரில் கண் கூசின பிறகு கித்தேரி என் பக்கத்தில் வந்து, "திரும்புங்க அண்ணே," என்றாள். அதற்குப் பிறகுதான் சுக்கானைத் திருப்பினேன்.

கரையில் ஊரே கூடியிருந்தது. பலகையில் கணக்கு வந்தது. ஒரு படகு விடாமல் சைபர். என் பெயருக்கு நேரேயும் சைபர். ஒருத்தரும் முதுகில் தட்டவில்லை. என் வாழ்நாளில் நான் பிடித்த எந்தப் பாட்டையும் அப்படிப் பார்த்துக்கொண்டு நின்றதில்லை.

கித்தேரி துறைமுக ஆபீசுக்குள் போனாள். சுகந்தி மைக்கைக் கொடுத்தாள். வெளியே ஒலிபெருக்கியில் முதலில் அவள் மூச்சுதான் கேட்டது.

"நான் கித்தேரி பேசுதேன்," என்றாள். "எங்க வீட்டு ஆள கடலுக்குக் குடுத்துட்டேன். தேடுனவங்க எல்லாருக்கும் கும்பிடு. போதும். எல்லாரும் தொழிலுக்குப் போங்க."

செத்ததாகச் சொல்லப்பட்ட கஸ்பார் என்னிடமிருந்து பத்தடி தள்ளி நின்று தலைத்துண்டை அவிழ்த்து நெஞ்சில் வைத்துக்கொண்டான். மற்றவர்களும் அப்படியே செய்தார்கள்.

மறுநாள் சாயங்காலம் பலகை நிறைந்தது. வங்கணை, கிளாத்தி, கணவாய் என்று ஊரே சத்தமாக வாசித்தது. மேலிடம் கஸ்பாருக்குப் புதிய நிழல் கொடுத்தது. கடைசி மடி போடும் குணத்தை எடுத்துவிடவா என்று கேட்டதற்கு, அத எடுத்தா அது நானில்லல்லா என்றானாம். திங்கட்கிழமை ஒரு சீலும் உடையவில்லை.

என் பெயருக்கு நேரே மட்டும் சைபர். அடுத்த நாளும் சைபர். ஒரு வாரம் கழித்துச் சுகந்தி என்னைக் கூப்பிட்டுக் கடலைக் காட்டினாள். நூற்று முப்பத்தேழு புள்ளிகள் மீன் இருக்கும் இடமெல்லாம் சிதறிக் கிடந்தன. தெற்குக் கடைசியில், பதினெட்டு பாகத்தில், ஒரு புள்ளி மட்டும் கிழக்கே போய் மேற்கே திரும்பிக்கொண்டிருந்தது.

"உங்க நிழல் வயர்லெஸை அணைச்சு வச்சிருக்குங்கண்ணா," என்றாள். "நீங்க அன்னிக்கு அணைச்சீங்க இல்லீங்களா, அதை அப்படியே கத்துக்கிச்சு. கித்தேரி அக்கா போதும்னு சொன்னது அதுக்குக் கேட்கவே இல்ல. தினம் விடிஞ்சா தேடப் போகுது."

நிஜப் படகில் திரும்புங்க என்று சொல்ல என் பக்கத்தில் கித்தேரி நின்றாள். அந்த நிழல் படகில் அப்படிச் சொல்ல யாரும் இல்லை.

"ஒரு தடவை படகை எடுத்துட்டுப் போய் வயர்லெஸைப் போட்டுட்டு வந்தீங்கன்னா சரியாயிரும்," என்றாள்.

"வேண்டாம்மா," என்றேன்.

"படி வராதுங்களே."

"வராட்டி போவுது."

இப்போது ஐஸ் கம்பெனியில் மூட்டை தூக்குகிறேன். கையில் மறுபடி காய்ப்பு வந்திருக்கிறது. வீட்டில் என் மனைவி ஜெசிந்தா என்னைக் கிறுக்கன் என்கிறாள். ஆனால் சரிசெய்யச் சொல்லி அவளும் ஒருநாளும் கேட்டதில்லை. கஸ்பார் என்னோடு இன்னும் பேசவில்லை. சாயங்காலம் நான் கூடத்துக்குப் போவதை நிறுத்தவில்லை. எல்லாரும் தங்கள் கிலோவைப் பார்க்கிறார்கள், நான் என் சைபரைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

நேற்றுக் காலை வாடைக்காற்று பலமாக இருந்தது. கித்தேரி டீக் கேத்தலோடு என்னைத் தாண்டிப் போனாள். அந்த நாளுக்குப் பிறகு அவள் என்னிடம் பேசினதில்லை. நாலு எட்டு போனவள் நின்று, கடலைப் பார்த்தாள்.

"இன்னைக்கும் போயிருக்கா?" என்று கேட்டாள்.

"போயிருக்கும்மா."

"காத்து கூடுதலா இருக்கு," என்றாள். "பாத்துப் போவச் சொல்லுங்க."